நானாட்டானில் கொடுத்த பிரிண்ட்

எங்கள் தெருவிலிருந்து துபாய்க்குப் போனவர்கள் உண்டு, சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு. ஒரு பிரிண்டர் காகிதத்தைத் தள்ளமாட்டேன் என்கிறது என்பதற்காகக் கடல் தாண்டிப் போன ஆள் நான் ஒருத்திதான். "பிரிண்டருக்காக ஃபிளைட்டா?" என்று என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது நான் பெட்டியை மூடிவிட்டேன்.

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இங்கே மண்டபம் முகாமில் அகதிகளாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு, வேண்டிய ஆவணங்களை வாங்கிக் கொடுக்கும் சங்கம் ஒன்று மன்னாரில் இருக்கிறது. மதுரையில் ஓர் அறக்கட்டளை அந்தச் சங்கத்துக்கு ஒரு லேப்டாப் அனுப்பியது. அதைத் தயார் செய்து கொடுத்தது என் கடை. அந்த லேப்டாப் ஒரு அலுவலகத்தில் ஒழுங்காகப் பிரிண்ட் எடுக்கும், இன்னொரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் எடுக்காது. மூன்று வாரம் போனிலேயே பார்த்தேன். என்னவெல்லாமோ சொன்னேன், அவர்களும் என்னவெல்லாமோ செய்தார்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை.

அதற்குள் ஒரு தேதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நானாட்டானில் நடமாடும் சேவை. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து, ஒரு மண்டபத்தில் அரை நாள் உட்கார்ந்து, குடியுரிமை விண்ணப்பங்களை நேரில் வாங்குவார்கள். விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதமாக நிரப்பிய விண்ணப்பங்கள் அத்தனையும் அந்த லேப்டாப்புக்குள் இருந்தன. அறக்கட்டளைக்காரர்கள் பயந்துபோய், நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கினேன். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் மாடுகள் நிற்கிற இடத்தில் இங்கே கழுதைகள் நின்றன. அதே அசட்டை, அதே பழைய வாழைத்தோல். காற்றில் அதே உப்பு. வானம் தெளிந்த இரவுகளில் தனுஷ்கோடியில் நின்று இந்தப் பக்கத்து வெளிச்சங்களைப் பார்த்திருக்கிறேன். நேராக வந்தால் ஒரு படகுத் தூரம். நான் ஒன்றரை நாள் சுற்றி வந்திருந்தேன், எரிச்சலாக இருந்தது.

சங்கத்தின் செயலாளர் ஜெசிந்தா ஓட்டோவோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் லேப்டாப் பை. அந்தப் பையை நான்கு நாளும் அவர் கீழே வைத்து நான் பார்க்கவில்லை.

"வாங்கோ அக்கா. களைச்சுப் போனீங்கள். முதல்ல சாப்பிடுவமோ, லப்டொப்பைப் பாப்பமோ?"

எங்கள் லேப்டாப் இங்கே லப்டொப் ஆகியிருந்தது. போனில் அவர் "கந்தோர், கந்தோர்" என்று சொல்லும்போதெல்லாம் நானாட்டான் பக்கத்தில் கந்தோர் என்று ஓர் ஊர் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கந்தோர் என்றால் அலுவலகம் என்பது ஓட்டோவில் போகும்போதுதான் தெரிந்தது. இதை ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே மானத்தை வாங்கிக்கொள்வானேன்.

மன்னாரில் அவர்களுடைய பள்ளிமுனைக் கந்தோர் இரண்டு அறை. வாசலில் இருந்து பார்த்தால் மாதா கோயில் கோபுரமும் காயப்போட்ட வலைகளும் தெரியும். முன்னறையில் பிரிண்டரும், பெரிய மர அலுமாரியும், குரூஸ் அண்ணையும் இருந்தார்கள். குரூஸ் அண்ணை கந்தோர் உதவியாளர். கோப்புகளுக்கெல்லாம் அவர்தான் காவல். பின்னறையில் ஜெசிந்தாவின் மேசை. அவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு பக்கத்துக்குப் பிரிண்ட் கொடுத்தார். முன்னறையில் பிரிண்டர் சமர்த்தாக எழுந்து பக்கத்தைத் தள்ளியது.

டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி நின்றுபோகும் நோயாளிகளை எனக்குப் பிடிக்காது. என் சொந்த லேப்டாப்பையும் எடுத்து, அந்தப் பிரிண்டரைப் 'பள்ளிமுனை' என்ற பெயரில் அதில் சேர்த்து, ஒரு பக்கம் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் வந்தது.

"இஞ்ச பிரச்சினையே இல்லை அக்கா. அங்க, நானாட்டான் கந்தோரிலதான்" என்றார் ஜெசிந்தா.

இரவுச் சாப்பாடு ஜெசிந்தா வீட்டில். புட்டும் மீன் சொதியும் கணவாய்க் கறியும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மீனை நீந்தவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் ஊர்க் குழம்பின் காரத்துக்குப் பழகிய நாக்கு முதலில் கொஞ்சம் திகைத்தது, பிறகு இரண்டாவது தடவை கேட்டது. ஜெசிந்தாவின் கணவர் ஞானம் கடலுக்குப் போகிறவர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"நீங்கள் ராமேஸ்வரப் பக்கம் எண்டு இவ சொன்னவ."

"ஆமாங்க. ராமநாதபுரம்."

"உங்கட பக்கத்து றோலர் படகு வந்து என்ர வலையை ரெண்டு தரம் அறுத்துக்கொண்டு போனது. உங்களைச் சொல்லேல்ல. ஆனா உங்கட ஊரில ஆரிட்டையாவது சொல்லோணும் எண்டு இருந்தனான்."

எங்கள் ஊரில் இந்தக் கதையின் மறுபக்கம்தான் பேசுவோம். பிடிபட்ட படகுகள், சிறைக்குப் போன ஆட்கள். அறுந்த வலையின் சொந்தக்காரர் ஒருவர் எனக்குக் கணவாய் பரிமாறுவார் என்று நான் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை நானாட்டானுக்குக் கிளம்பினோம். பஸ் முன்னமே போய்விட்டிருந்ததால் ஓட்டோ. தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலத்தில் பாதித் தூரம் வந்ததும் அது இருமி நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று முகத்தில் அடித்தது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார், நானும் இறங்கிப் பார்த்தேன். எதைக் கண்டாலும் மூடியைத் திறந்து பார்க்கிற புத்தி எனக்கு. "அக்கா, இதுக்கு வைஃபை இல்லை" என்றார் ஜெசிந்தா. பிளக்கில் ஈரம். அவர் சட்டை முனையால் துடைத்தார், நான் ஊதினேன், ஓட்டோ புறப்பட்டது.

உயிலங்குளத்தில் அது மறுபடி நின்றது, இந்தத் தடவை ஒரேயடியாக. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயலுக்கு உரம் ஏற்றிவந்த டிராக்டர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். உரமூட்டை மேல் உட்கார்ந்து, குளக்கரை வழியாக, கொக்குகளை எண்ணிக்கொண்டே நானாட்டான் போய்ச் சேர்ந்தேன். ஜெசிந்தா லேப்டாப் பையைக் குழந்தையைப்போல் மடியில் வைத்திருந்தார். எங்கள் மாவட்டத்தில் கண்மாய் நிறைந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. இங்கே குளத்தில் தண்ணீர் வாய்வரை நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது.

நானாட்டான் கந்தோர் ஒற்றை அறை. கதவைத் திறந்ததும் நான் கண்ட காட்சியை என் தொழிலில் வேறு எங்கும் கண்டதில்லை. மேசையில் பிரிண்டர். அதன் மேல் சாய்த்து ரவுட்டர். இரண்டையும் சேர்த்து, வலை தைக்கிற நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இது என்ன?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நானா?"

"ஓம். பிரிண்டரையும் ரவுட்டரையும் பத்து நிமிசம் அணைச்சு வையுங்கோ எண்டு. பத்து நிமிசம் வச்சும் வரேல்ல. அதுதான் கட்டியே விட்டிட்டன்."

எனக்கு விளங்கவில்லை. அணைத்து வைக்கச் சொன்னேன், ஆமாம். அதற்கும் கட்டி வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? போனில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் குரலை உயர்த்தி, "நல்லா அணைச்சு வைங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்க ஆரம்பித்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமைக்கான தன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்தவள். பெயர் ரெஜினா.

"அக்கா, நீங்க ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கீங்க. இங்க யாரும் மெஷினை அணைக்க மாட்டாங்க. நிப்பாட்டுவாங்க, இல்லாட்டி நூப்பாங்க. அணைச்சு வைன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி வைக்கிறதுன்னு நினைச்சிருக்காங்க" என்றாள் என்னிடம். அது அசல் இராமநாதபுரத்துத் தமிழ். அப்படியே ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி, "ஜெசிந்தாக்கா, அவ நிப்பாட்டச் சொன்னவ. நீங்கள் கட்டிப்பிடிக்க விட்டிட்டீங்கள்" என்றாள். அது அசல் மன்னார்த் தமிழ். நடுவில் மூச்சுகூட வாங்கவில்லை.

இலங்கைத் தமிழர்கள் நல்ல தமிழ் பேசுவார்கள், நாமும் அவர்களோடு நல்ல தமிழில் பேசவேண்டும் என்று நான் 'ஆஃப்' என்ற சொல்லைப் போனில் தவிர்த்ததன் விளைவு இது. கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை ஆஃப் பண்ணு என்கிறவள் நான். நைலோன் நூலை வெட்டும்போது மூன்று பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வருகிறவரை.

ரெஜினா மண்டபம் முகாமில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி கொடுத்தது. பதினெட்டு வயதில் பெற்றோரோடு ஊர் திரும்பினாள். அப்பா, அம்மா இந்த நாட்டுக்காரர்கள். அவளும் இந்த நாட்டுக்காரிதான் என்று சொல்லும் காகிதம் இன்னும் இல்லை. காகிதம் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. உயிலங்குளத்தில் ஒரு பாலர் பாடசாலையில் இரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், ஆனால் நியமனம் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு அட்டை வேண்டும். "அங்க இருந்தப்ப சிலோன்காரப் பொண்ணு. இங்க வந்தா இந்தியாக்காரி. பிள்ளைங்க மட்டும்தான் டீச்சர்னு கூப்பிடுதுங்க" என்றாள். புகார் மாதிரிச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோல் சொன்னாள்.

அவளுடைய விண்ணப்பத்தில் ஒரு தப்பு இருந்தது. சான்றிதழில் பெயர் ரெஜினா மேரி, விண்ணப்பத்தில் வெறும் ரெஜினா. ஜெசிந்தா அதைத் திருத்தி, நான் பார்க்கட்டும் என்று பிரிண்ட் கொடுத்தார். லேப்டாப் அனுப்பிவிட்டதாகச் சொன்னது. பிரிண்டர் அசையவில்லை. அப்பாடா, கடைசியில் நோயை நேரில் பார்த்துவிட்டேன்.

பிறகு நடந்தது கால் மணி நேர வேலை. வலையமைப்பில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஓர் எண் உண்டு, தெருவில் கதவு எண் மாதிரி. லேப்டாப்புக்குத் தெரிந்தது பள்ளிமுனைப் பிரிண்டரின் எண் ஒன்றுதான். நானாட்டான் பிரிண்டருக்கு வேறு எண், அதை யாரும் லேப்டாப்புக்குச் சொல்லவே இல்லை. போதாததற்கு, இரண்டு கந்தோரிலும் வைஃபை போட்ட ஆள், ஜெசிந்தா மிஸ்ஸுக்குச் சிரமம் வேண்டாமென்று இரண்டுக்கும் 'சங்கம்' என்று ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தார். இரண்டு பிரிண்டரும் ஒரே மாதிரி. பாவம், அந்த லேப்டாப் நானாட்டானில் உட்கார்ந்துகொண்டு பள்ளிமுனையில் இருப்பதாகவே நினைத்து, இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. போனில் நான் வைஃபை பெயரைக் கேட்டபோதெல்லாம் "சங்கம்" என்று சரியான பதில்தான் வந்தது. எங்கிருந்து என்று கேட்கத் தோன்றாதது என் குற்றம்.

நானாட்டான் பிரிண்டரைத் தனியாகச் சேர்த்து, ஒன்றுக்குப் பள்ளிமுனை, மற்றதற்கு நானாட்டான் என்று பெயர் வைத்தேன். ஒரு சோதனைப் பக்கம் கொடுத்தேன். வந்தது. ஜெசிந்தா அதை எடுத்துச் சூடாக இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப எல்லாத்தையும் இப்பவே அடிப்பமோ?"

பிரிண்டரில் மை குறைவாக இருந்தது. புது மை மன்னாரில்தான் கிடைக்கும். "வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில புது மையோட இங்கேயே அடிச்சுக்கலாம். இனிமே என்ன பிரச்சினை வரப்போகுது?" என்றேன். இந்த வாக்கியத்தை நான் என் வாடிக்கையாளர்களிடம் ஒருபோதும் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

வியாழக்கிழமை பள்ளிமுனையில் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும் தேத்தண்ணியும். வெறும் ரொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்தச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுக் கேட்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கந்தோருக்குப் போனோம். ஜெசிந்தா பின்னறையில் லேப்டாப்பைத் திறந்தார். நான் முன்னறையில் குரூஸ் அண்ணையோடு பேசிக்கொண்டிருந்தேன். யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது.

குரூஸ் அண்ணை ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய்ப் பக்கங்களை எடுத்தார், தட்டி நேராக்கினார், மூலையில் துளை போட்டுச் சிவப்பு நூலால் கட்டினார், அலுமாரியைத் திறந்து ஒரு தட்டில் வைத்தார். தட்டில் வெள்ளைத் தாள் ஒட்டி 'நானாட்டான்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. தட்டு முழுக்கச் சிவப்பு நூல் கட்டுகள்.

"அண்ணே, இது என்னது?"

"நானாட்டான் கொப்பி. தங்கச்சி ஜெசிந்தா அங்க போயிட்டு வாற நேரமெல்லாம் அடிக்கிறவ. நான் எடுத்து வடிவா அடுக்கி வைக்கிறனான்."

பின்னறையிலிருந்து ஜெசிந்தா வந்து நின்றார். முகம் போன போக்கு இருக்கிறதே. மூன்று வாரமாக நானாட்டானில் அவர் கொடுத்துக் கொடுத்து வராத பிரிண்ட் எல்லாம் லேப்டாப்புக்குள் வரிசையில் காத்திருந்து, பள்ளிமுனைக்கு வந்ததும், தெரிந்த கதவு திறந்ததும், ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கின்றன. கடைசியாக வந்த கட்டு ரெஜினாவுடையது, நேற்று பெயர் திருத்திக் கொடுத்தது.

"ஏன் அண்ணை, ஒரு சொல் சொல்லேல்ல நீங்கள்?"

"நீங்கள் கேக்கேல்லயே. கந்தோரில கொப்பி எடுத்து வைக்கிறதெல்லாம் ஒரு அதிசயம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறதோ?"

இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனிலேயே அரை மணியில் முடிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்கக் கோபம் தங்கவில்லை. எங்கள் ஊர் அலுவலகங்களில் தேடித் தேடி ஒரு காகிதம் கிடைக்காது. இவர் கேட்காத காகிதத்தைக்கூடப் பெயர் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஆனாலும் என் கடைப் புத்தி சும்மா இருக்கவில்லை. நாளைக்கு எல்லாம் புதிதாக அடிக்கப்போகிறோமே, இதையெல்லாம் பின்பக்கம் எழுத வைத்துக்கொள்ளலாம் என்றேன். குரூஸ் அண்ணை அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புது மையோடு காலை எட்டரைக்கு நானாட்டானில் இருந்தோம். மண்டபத்தில் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நம் கந்தோர். விண்ணப்பக்காரர்கள் பதினான்கு பேர் வாசலில் நின்றார்கள். ரெஜினா இஸ்திரி போட்ட நீலச் சேலையில் வந்திருந்தாள். நான் மையை மாட்டினேன். ஜெசிந்தா முதலில் ரெஜினாவின் விண்ணப்பத்தைத் திறந்து, 'நானாட்டான்' என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கொடுத்தார். பிரிண்டர் காகிதத்தின் நுனியைக் கவ்வியது. அப்போது மின்விசிறி நின்றது.

ஒரு நிமிடம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள். "லைன் வேலையாம். மூண்டு மணிக்குப் பிறகுதான் கரண்ட் வருமாம்."

அதிகாரிகள் பன்னிரண்டரைக்குக் கிளம்புகிறார்கள். பக்கத்துப் பிரிண்ட் கடையும் இருட்டு. ஜெனரேட்டர் எங்காவது கிடைக்குமா என்று ஓடினேன். ஊருக்கு இருந்த ஒன்று, "கோயில் திருநாளுக்குப் போயிட்டுது" என்றார்கள். கையால் எழுதிக் கொடுக்கலாம் என்றால், ரெஜினாவின் அப்பாவுடைய முகாம் அட்டை போன மழையில் கரைந்துவிட்டது. ஸ்கேன் செய்த பிரதி லேப்டாப்புக்குள் மட்டும்தான். திரையில் பளிச்சென்று தெரிகிறது, கையில் எடுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு உதவாக்கரையாக நான் என்னை உணர்ந்ததில்லை. புதன்கிழமை மை குறைவென்று நிறுத்தியவள் நான். வியாழக்கிழமை பள்ளிமுனையில் அடித்திருக்கலாம், நானாட்டானிலேயே அடிப்போம் என்று வீம்பு பிடித்தவளும் நான்.

"பரவாயில்லக்கா. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள் ரெஜினா. என்னைத் தேற்றுகிறாள். பன்னிரண்டு வருடமாக அவள் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் சிவப்பு நூல் ஞாபகம் வந்தது.

ஜெசிந்தாவின் போனைப் பிடுங்கிப் பள்ளிமுனைக்கு அடித்தேன். மணி ஒன்பது பத்து. குரூஸ் அண்ணை எடுத்தார்.

"அண்ணே, அந்த நானாட்டான் கட்டு எல்லாம் இருக்கா?"

"பின்ன, எங்க போகும்?"

"அடுத்த பஸ்ல கண்டக்டர்கிட்ட கொடுத்து விடுங்கண்ணே. தயவு பண்ணி."

"கண்டக்டரிட்டையோ?" என்றார். போன் வைக்கப்பட்டது.

கொடுப்பாரா, மாட்டாரா, நேற்று நான் சொன்னதற்குக் கோபமா, ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பத்து மணிக்கு ஒரு பஸ் வந்தது, கண்டக்டர் பார்சல் ஒன்றும் இல்லை என்றார். பத்தரை ஆயிற்று. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே ஒரு பிளேன் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். குடித்த ஞாபகம் இல்லை.

பதினொன்று ஐந்துக்கு வந்த பஸ்ஸின் முன்கதவால் குரூஸ் அண்ணை இறங்கினார். ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த துணிப்பை. இந்த அணைப்பு எனக்கு நன்றாக விளங்கியது.

"கந்தோர்ப் பேப்பரைக் கண்டக்டரிட்டக் குடுக்கேலாது தங்கச்சி. உடுப்பு மாத்தி வாறதுக்குள்ள பஸ் போயிட்டுது" என்றார்.

பதினான்கு பேருடைய கட்டும் பெயர் வாரியாக இருந்தது. சிலருக்கு மூன்று பிரதி. ரெஜினாவின் கட்டில் பழையதை அடியிலும் புதியதை மேலேயும் வைத்திருந்தார். ரெஜினா மேரி. முகாம் அட்டையின் பிரதி தெளிவாக விழுந்திருந்தது, அப்பாவின் மீசைகூடத் தெரிந்தது. அவள் கையெழுத்துப் போட்டு, தேதியை எழுதி, மண்டபத்துக்குள் போனாள். கதவருகே நின்று பார்த்தேன். அதிகாரி அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார், பிறகு முத்திரையை எடுத்தார். அந்த 'டக்' சத்தம் வாசல்வரை கேட்டது.

வெளியே வந்தவள் பற்றுச்சீட்டைக் குரூஸ் அண்ணையிடம்தான் முதலில் காட்டினாள். அவர் வாங்கி வாசித்து, நான்காய் மடிக்கக்கூடாது, இரண்டாய் மடித்தால் போதும் என்று மட்டும் சொன்னார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னாலிருந்து நானாட்டானில் கொடுத்துவந்த பிரிண்ட் எல்லாம் அன்றைக்குப் பதினொன்று ஐந்துக்கு நானாட்டானில் கிடைத்தது. என் வேலைக்கு இதில் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் நைலோன் நூலை வெட்டினேன் என்று சொல்லலாம்.

ஊர் திரும்பிச் சில மாதம் ஆகிவிட்டது. போன வாரம் ரெஜினா போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாலர் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையால் அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டுகிறாள். கீழே இரண்டு வரி. "அக்கா, நியமனம் கிடைச்சிருச்சு. ஜெசிந்தாக்கா சுகமாயிருக்கிறா." ஒன்று எங்கள் தமிழ், ஒன்று அவர்கள் தமிழ்.

அந்தப் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டவேண்டும் என்று தோன்றியது. கடைக் கணினிகள் எல்லாம் வேலையில் இருந்தன. பயணத்தோடு மூடி வைத்த என் லேப்டாப்பை எடுத்து, படத்தை ஏற்றி, பிரிண்ட் கொடுத்தேன். அனுப்பிவிட்டேன் என்றது. பக்கத்தில் இருந்த பிரிண்டர் அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். அசையவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையைத் திறந்து பார்த்தேன். இரண்டு பிரதி, காத்திருக்கிறது, பிரிண்டர்: பள்ளிமுனை.

ரத்து செய்ய ஒரு விநாடி வேலை. செய்யவில்லை, லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டேன். அடுத்த தடவை போய்த் திறக்கும்போது முன்னறையில் வந்து விழும். குரூஸ் அண்ணை எடுத்து வைப்பார்.